ஆயிரம் பிறையும் ஒரு கடிதமும்

வயதும் அரசும்: வரலாற்றுத் தொடர், பகுதி 9

2022 அக்டோபர் 1, உலக முதியோர் நாள். அதையொட்டி, வாக்காளர் பட்டியலில் நூறு வயதைத் தாண்டியிருந்த ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்கு அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமாரிடமிருந்து கடிதம் போயிற்று. இத்தனை தேர்தல்களில் தவறாமல் வாக்களித்ததற்கு நன்றி என்பது அதன் சாரம். திருவண்ணாமலை மாவட்டப் பட்டியலில் நூறைக் கடந்திருந்தவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். எழுதியவர் குடியரசுத் தலைவர் அல்ல, முதலமைச்சரும் அல்ல. கடிதம் யாருடைய பிறந்தநாளையும் குறித்து வரவில்லை, எல்லோருக்கும் ஒரே நாளை ஒட்டி வந்தது. அது விளித்தது தாத்தாவையோ பாட்டியையோ அல்ல, வாக்காளரை. ஏன் இப்படி என்று கேட்டுப் பார்த்தால் நம் அரசுக்கும் நம் வயதுக்கும் இடையில் உள்ள உறவு முழுவதும் வெளியே வருகிறது. யாரை, எப்போது வாழ்த்துவது என்பதை ஓர் அரசின் பிரியம் முடிவு செய்வதில்லை, அதன் அலமாரியில் எந்தப் பதிவேடு இருக்கிறதோ அதுதான் முடிவு செய்கிறது. நம் அரசிடம் நம் வயது இருக்கிறது. பிறந்தநாள் இல்லை.

நூறாவது பிறந்தநாளுக்கு அரண்மனையிலிருந்து வாழ்த்து வருவது பிரிட்டனில் தொன்றுதொட்ட வழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நேற்று முளைத்த வழக்கம். 1908-ல் ஹார்ன்காசில் ஊரைச் சேர்ந்த தாமஸ் லார்டு என்ற பாதிரியார் நூறைத் தொட்டபோது ஏழாம் எட்வர்டின் செயலர் ஒரு கடிதம் எழுதினார். 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் அதை ஒழுங்கான வழக்கமாக்கினார். அந்த ஆண்டு நூறு நிறைந்தவர்களுக்குப் போன வாழ்த்துத் தந்திகள் 24. (தந்தி என்றாலே யாரோ போய்விட்டார் என்று வாசலிலேயே அழத் தொடங்கிய நம் ஊரில் அரசர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.) அதற்கு முன்னும் ஆங்கிலேய அரசர்கள் கிழவர்களைப் பாராட்டியது உண்டு. ஆனால் யாரைப் பாராட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். 152 வயது என்று சொல்லிக்கொண்ட தாமஸ் பார் என்பவரை 1635-ல் லண்டனுக்கு அழைத்துவந்து முதலாம் சார்லஸ் மன்னரிடம் காட்டினார்கள். அதே ஆண்டு அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே அடக்கமும் செய்தார்கள். இன்று அந்த வயதை நம்புகிறவர் யாரும் இல்லை. இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில்தான். 1873-ல் வில்லியம் தாம்ஸ் என்பவர் இப்படிப்பட்ட நீண்ட ஆயுள் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துப் புத்தகமே போட்டார். அந்தச் சந்தேகக் காலம் கழிந்து, ஏட்டில் உள்ள தேதியைக் காட்டி வயதை நிறுவ முடியும் என்ற நிலை வந்த பிறகே தந்தி புறப்பட்டது. இப்போது அங்கே ஓய்வூதியத் துறையின் ஏட்டிலிருந்து அரண்மனை அலுவலகத்துக்குத் தகவல் போகிறது, அட்டை வருகிறது. அட்டையில் மன்னரின் படம் இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிப்பது ஓய்வூதியக் குமாஸ்தாதான்.

ஜப்பானில் இதே உண்மை கொஞ்சம் கோரமாக வெளிப்பட்டது. 1963 முதல் நூறு வயது ஆகிறவர்களுக்கு அந்நாட்டு அரசு வாழ்த்துக் கடிதத்தோடு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்துவந்தது. முதல் ஆண்டில் நூறைத் தாண்டியிருந்தவர்கள் நாடு முழுவதிலும் 153 பேர். 2024-ல் 95,119. இடையில் செலவு கட்டுப்படியாகாமல், 2016 முதல் கிண்ணத்துக்கு வெள்ளி முலாம் பூசும் அளவுக்கு இறங்கினார்கள். இந்த ஏற்பாட்டின் நடுவே 2010 ஜூலையில் டோக்கியோவின் அடாச்சி வட்டாரத்தில் நகரின் மிக மூத்த ஆணாகக் கருதப்பட்ட 111 வயதுக்காரரை நேரில் கண்டு வாழ்த்த அலுவலர்கள் முயன்றார்கள். வீட்டார் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் போலீஸ் உள்ளே போனபோது படுக்கையில் இருந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னே இறந்துபோனவரின் உலர்ந்த உடல். அவர் பெயருக்கு ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு குடும்பப் பதிவேடுகளைத் துழாவியதில், நூறு வயதைக் கடந்தும் இருப்பிடம் தெரியாதவர்களாக 2,34,354 பெயர்கள் கிடைத்தன. பதிவேட்டுக்குப் பெயர்போன நாட்டில் நடந்தது இது. இதைப் படித்துவிட்டு வாழ்த்து வீண் வேலை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. முப்பது ஆண்டுகளாக எந்த அலுவலகமும் கண்டுபிடிக்காததை வாழ்த்துச் சொல்லப் போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். தபாலில் போகும் வாழ்த்து பதிவேட்டின் பிழையையும் சேர்த்து வாழ்த்தும். காலில் நடந்துபோகும் வாழ்த்து ஆளைப் பார்க்கும். இந்த வித்தியாசம் கடைசியில் நமக்கு வேண்டியிருக்கும்.

இனி திருவண்ணாமலைக்கு வருவோம். பதிவேடே தேவைப்படாத ஒரு வயதுக் கணக்கு இந்த ஊரில் கண்ணெதிரே நடக்கிறது. மாதம் தவறாமல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கும் கூட்டத்துக்கு நிலவுதான் நாட்காட்டி. அந்த நிலவை வைத்தே நம்மவர்கள் முதுமையையும் அளந்தார்கள். எண்பதில் சதாபிஷேகம் செய்யும்போது ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்கிறோம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 29.53 நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள், அதாவது எண்பது ஆண்டும் பத்து மாதமும். அறுபதாம் கல்யாணத்துக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. பிறந்த தமிழ் வருஷம் திரும்பி வரும் நாள் அது. துந்துபி வருஷத்தில், 1922-23-ல் பிறந்தவருக்கு மறுபடி துந்துபி வந்தது 1982-83-ல். இந்த இரண்டு சடங்குக்கும் ஆதாரச் சான்று எதுவும் கேட்கப்படுவதில்லை. வானமும் வருஷப் பெயரும் போதும். ஆனால் இந்தக் கணக்கில் நூறுக்கு இடமில்லை. அறுபது ஆண்டுச் சக்கரத்தில் நூறாம் ஆண்டு எந்தத் திரும்பலும் அல்ல, சக்கரத்தின் நடுவே எங்கோ ஒரு ஆரம். போதாதற்கு ‘துந்துபியில் பிறந்தேன்’ என்றால் 1862-ஆ, 1922-ஆ, 1982-ஆ என்று ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆள் எதிரே நின்றால் குழப்பமில்லை. ஏட்டில் எழுதும்போதுதான் வம்பு.

நூறாண்டு வாழ்க என்றுதானே காலங்காலமாக ஆசீர்வதிக்கிறோம், நூறு வயதுக்குப் பூர்ணாபிஷேகம் என்றொரு சடங்குகூட இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நூறு இங்கே ஆசீர்வாதத்தின் எண். யாரையும் பார்த்து, எந்த வயதிலும், அட்சதை தூவிச் சொல்லும் எண். பூர்ணாபிஷேகத்துக்குச் சாஸ்திரத்தில் பெயர் இருந்தாலும், திருக்கடையூரில் வரிசை கட்டி நிற்பவர்கள் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் வந்தவர்கள். அதில் நூறு நிறைந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வழக்கம் என்பது அடிக்கடி நடப்பதால் உருவாவது. தவிர, இவை எல்லாம் பிள்ளைகள் செய்வது, உறவு செய்வது. அரசுக்கு இதில் வேலை இல்லை. சொல்லப்போனால் நம் பழைய அரசுகளில் பிறந்தநாள் மரியாதை எதிர்த்திசையில் ஓடியது. ராஜராஜனின் சதய நட்சத்திரத்தைக் கோயில் கொண்டாடியது, ஊர் கொண்டாடியது. இன்றும் தஞ்சையில் ஐப்பசிச் சதயம் அரசு விழா. குடிமகனின் நட்சத்திரத்தை அரசன் கேட்டறிந்து வாழ்த்தியதாகக் கல்வெட்டுப் பேசக் காணோம்.

திருவண்ணாமலை நினைவில் வைத்திருக்கும் முதிய அரசர் ஒருவர் உண்டு. ஹொய்சள மூன்றாம் வல்லாளன், ஊர்வழக்கில் வல்லாள மகாராஜா. பதினான்காம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து வந்த படையெடுப்புகளுக்குப் பின் இந்த ஊரையே தலைநகராக்கி இருந்தவர். கோயிலில் வல்லாள கோபுரம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1342-ல் மதுரை சுல்தானின் படையிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது எண்பது என்று அடுத்து மதுரைக்கு வந்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா சொல்கிறார். உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் கண்டதாகவும் எழுதுகிறார். எண்பது என்றால் ஆயிரம் பிறைக்குப் பக்கத்தில். பிள்ளையில்லாத அந்த அரசருக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது தலபுராணம். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் மகன் ஸ்தானத்தில் இருந்து அரசருக்குத் திதி கொடுக்கிறார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் இந்த ஊர் தவறவிடாமல் காப்பாற்றிவரும் நாள் அவர் பிறந்ததற்கு உரியது அல்ல, இறந்ததற்கு உரியது. சாதாரண வீட்டிலும் இதுவே நிலை. தாத்தாவின் திதி யாருக்கும் மறக்காது. அவர் பிறந்த தேதி கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பிறந்த நேரம்கூடத் துல்லியமாகத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டாலும் ஊர் தன் கணக்கை விடுவதில்லை. ரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30, நள்ளிரவு கடந்து. தேதி இவ்வளவு சுத்தமாக இருந்தும் ரமணாசிரமத்தில் ஜெயந்தி வருவது மார்கழிப் புனர்பூசத்தில். ஆங்கில நாட்காட்டியில் ஓராண்டு டிசம்பரில், ஓராண்டு ஜனவரியில். 1912-ல் அன்பர்கள் முதன்முதலில் ஜெயந்தி கொண்டாட முனைந்தபோது, பிறப்பைக் கொண்டாடுவதில் என்ன இருக்கிறது, பிறந்தது யார் என்று விசாரிப்பதே உகந்தது என்ற பொருளில் அவர் இரண்டு பாடல் எழுதிக் கொடுத்தார். அந்த விசாரணையை அரசு அலுவலகம் தன் வழியில் வேறு மாதிரி நடத்துகிறது: பிறந்தது யார், ஆதாரம் எங்கே?

ஆதாரம் ஏன் இல்லை என்பதற்கு ஏழ்மையை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. சென்னை மாகாணத்தில் 1899-லேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது. கிராமத்தில் மணியக்காரர் ஏட்டில் எழுதினார். ஆனால் அந்த ஏடு அரசின் சுகாதாரக் கணக்குக்காக எழுதப்பட்டது. இந்த மாதம் இத்தனை பிறப்பு, காலராவில் இத்தனை சாவு என்று மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவே. குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடும், ‘இன்னாருக்கு ஆண் குழந்தை’ என்ற வரியோடு முடிந்துவிடும். அறுபது ஆண்டு கழித்து அந்த வரி நம்மைக் குறிக்கிறதா, ஒன்றரை வயதில் போய்விட்ட அண்ணனைக் குறிக்கிறதா என்று யார் சொல்வது? நாடு முழுமைக்குமான பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்ற நிலை, 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகளில் முதலில் பிறந்தவருக்கு நூறு நிறைவது 2123-ல். அதுவரைக்கும் நம்மிடம் உள்ளவை கைக்கு வந்த தேதிகள். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்த வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதி. ஆதார் எடுக்கும்போது வயதை மட்டும் சொன்னவர்களுக்கு விழுந்த ஜனவரி 1. வாக்காளர் பட்டியலில் இதுகூடத் தேவையில்லை. அச்சிட்ட பட்டியலில் தேதிக்குக் கட்டமே கிடையாது, வயது என்ற எண் மட்டும். பெண்ணின் பெயர், கணவர் பெயர், வீட்டு எண், வயது 101. திருத்தத்துக்குத் திருத்தம் அந்த எண் தானாகக் கூடும். இந்த ஏட்டை வைத்துக்கொண்டு பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப முடியாது, பொதுநாளில்தான் அனுப்ப முடியும். அக்டோபர் 1 அப்படித்தான் வந்தது.

எண்களே கூட ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூறும் அதற்கு மேலும் என்று காட்டியவர்கள் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். 2022-ல் வாக்காளர் பட்டியலில் நூறு கடந்தவர்கள் 2.49 லட்சம். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பின்போது 2.18 லட்சம். பிறப்புப் பதிவு பலமாக உள்ள ஜப்பானில், சராசரி ஆயுள் நம்மைவிடப் பல ஆண்டு கூடுதலாக இருந்தும், 2024-ல் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. நம் முதியவர்களில் பலருடைய நூறு, ‘எழுபத்தஞ்சு எம்பது இருக்கும்’ என்று எப்போதோ சொல்லி எழுதப்பட்ட எண் வளர்ந்து வந்து நிற்கும் இடம். கணக்கெடுப்பு வயதுகள் பூஜ்யத்திலும் ஐந்திலும் குவிவது புள்ளிவிவரக்காரர்களுக்குப் பழைய செய்தி. அப்படியானால் கடிதம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்று கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடிதம் நன்றி சொன்னது வயதுக்காக அல்ல, வாக்குக்காக. 97 வயதுக்காரரை 101 என்று எண்ணி நன்றி சொன்னாலும் அவர் 1952 முதல் வரிசையில் நின்றவராக இருக்கக்கூடும். பிறந்த தேதியை நம்பாமல், செய்த காரியத்தை நம்பி எழுதிய வாழ்த்து அது. அரண்மனை அட்டையின் ஏழை நகல் என்று இதைப் பார்ப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: இரண்டும் வெவ்வேறு ஏட்டிலிருந்து பிறந்தவை. அங்கே அரசர் பிரஜையின் பிறந்தநாளுக்கு எழுதுகிறார். இங்கே குடியரசு, தன்னைத் தேர்ந்தெடுத்தவருக்கு எழுதுகிறது. தேதி நிச்சயமாகத் தெரிந்து, பெயர் பத்திரிகையில் வருபவர்களுக்கு நம் அரசும் பிறந்தநாளிலேயே வாழ்த்துகிறது. கம்யூனிஸ்ட் தலைவர்களான என்.சங்கரய்யாவுக்கு 2021 ஜூலை 15-லும், ஆர்.நல்லகண்ணுவுக்கு 2024 டிசம்பர் 26-லும் நூறாவது பிறந்தநாள் கொண்டாடப்பட்டபோது முதலமைச்சரே வாழ்த்தினார். சிக்கல் தேதி இல்லாதவர்களுக்குத்தான்.

அந்தச் சிக்கல் வாழ்த்தோடு நின்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணம் என்று வரும்போது அரசு திடீரென்று கறார் ஆகிவிடுகிறது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு எண்பதில் 20 சதவீதம், எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40, தொண்ணூற்றைந்தில் 50 என்று கூடுதல் அடிப்படை ஓய்வூதியம் வந்தது. நூறில் அது அப்படியே இரட்டிப்பு. அரசு நூறு வயதுக்குத் தரும் உண்மையான பரிசு இது, அதுவும் பிறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்குப் பணிப்பதிவேட்டில் தேதி இருக்கிறது, கவலையில்லை. அவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கு? அவர் பிறந்த தேதி எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. பழைய ஓய்வூதிய ஆணைகளில் மனைவியின் பிறந்த தேதி எழுதப்படாமலே விடப்பட்டதால், எதையெல்லாம் வயதுச் சான்றாக ஏற்கலாம் என்று தனியாகச் சுற்றறிக்கை விட வேண்டி வந்தது. பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று நீளும் அந்தப் பட்டியல் 1920-களில் பிறந்த கிராமத்துப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? இவர்களாவது கொடுத்துவைத்தவர்கள். வேலை பார்த்த ஏடே இல்லாத பெரும்பான்மைக்கு 1962 ஏப்ரலில் மாதம் இருபது ரூபாயோடு தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை இருக்கிறது, 2023-ல் அது 1,200 ரூபாய் ஆனது. அதற்கு அறுபது வயதும் நூறு வயதும் ஒன்றுதான். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் கையெழுத்திட்டு, தாசில்தார் மேஜைக்குப் போகும் மனுவில், நன்றிக் கடிதம் எழுதும்போது கேள்வியே கேட்காத அதே வயதுக்குச் சான்று கேட்கப்படும்.

பணம் மக்களுடையது, சரிபார்க்காமல் கொடுத்தால் டோக்கியோவில் நடந்தது இங்கேயும் நடக்காதா என்பது வலுவான ஆட்சேபம். அதை மறுக்கவே முடியாது. சரிபார்க்கத்தான் வேண்டும். சரிபார்க்க யார் நடப்பது என்பதுதான் பிரச்சினை. உயிரோடிருக்கிறேன் என்று ஆண்டுக்கொரு முறை நிரூபிக்க, தொண்ணூறு வயதுக்காரர் ஆட்டோ பிடித்துக் கருவூலத்துக்கோ வங்கிக்கோ போவதும், தேய்ந்துபோன விரல் ரேகையை இயந்திரம் ஏற்காமல் மறுபடி மறுபடி அழுத்துவதும்தான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. வீட்டுக்கே வரும் தபால்காரர், கைப்பேசியில் முகம் காட்டிச் சான்று என்று இப்போது வழிகள் பிறந்திருக்கின்றன. மெதுவாகத்தான். முழுமையாக எதிர்த்திசையில் நடந்து காட்டியது தேர்தல் துறை. 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது கடந்தவர்களுக்கும், 2024 மக்களவைத் தேர்தலில் எண்பத்தைந்து கடந்தவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி தமிழ்நாட்டில் கிடைத்தது. திருவண்ணாமலைத் தொகுதிக்கும் அதே ஏற்பாடு. முதலில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் 12டி படிவத்தோடு வருவார். விருப்பம் சொன்னவரின் பெயருக்கு எதிரே பட்டியலில் தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள், பிறகு சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது. விருப்பமில்லை, நடந்தே போவேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. குறித்த நாளில் அலுவலர் குழுவும் காவலரும் வீடியோ எடுப்பவரும் வீட்டுக்கு வருவார்கள். திண்ணையிலோ கூடத்திலோ அட்டையால் ஒரு மறைவு வைத்து, வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, பேனாவைத் திறந்து கொடுத்து, எல்லோரும் விலகி நிற்பார்கள். குறியிட்டு உறையில் போட்டு ஒட்டியபின் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். முதல் முறை வந்தபோது ஆள் இல்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி வருவார்கள்.